ஹார்வி பெனிக் என்னும் நல்லாசிரியர்

ஆசிரியர் அருகில் இருக்கும்போது நன்கு செய்யும் மாணவர் பலர். அவர் மறைந்த பின்னரும் அவர் கற்பித்தது மாணவனின் கையில் நிலைத்திருக்குமாயின், அவரையே நல்லாசிரியர் எனல் தகும். அத்தகையோருள் ஒருவர், அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் வாழ்ந்த கோல்ஃப் பயிற்றுநர் ஹார்வி பெனிக் ஆவார்.

1904ஆம் ஆண்டு ஆஸ்டின் நகரில் பிறந்த பெனிக், எட்டு வயதிலேயே அந்நகரக் கோல்ஃப் கழகத்தில் ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைச் சுமக்கும் பணியில் சேர்ந்தார். 1923இல் அக்கழகத்தின் தலைமைப் பயிற்றுநராக உயர்ந்தார். போட்டிகளில் ஆடிப் புகழ்பெற வேண்டும் என்னும் விருப்பம் அவருக்கும் இருந்தது. ஆயினும், சாம் ஸ்னீட் என்னும் இளைஞர் பந்தை அடித்த ஆற்றலை நேரில் கண்டபின், தமக்குரிய துறை கற்பித்தலே எனத் தெளிந்தார். 1931 முதல் 1963 வரை டெக்சஸ் பல்கலைக்கழக அணிக்கும் அவரே பயிற்சியளித்தார்.

அவரிடம் பயின்ற சிறுவருள் இருவர் குறிப்பிடத்தக்கவர்கள். ஒருவர் 1949இல் பிறந்த டாம் கைட். மற்றவர் 1952இல் பிறந்த பென் கிரென்ஷா. கைட் ஓயாத உழைப்பாளி. காரணம் கேட்டு, பலமுறை பயின்று, படிப்படியாக முன்னேறுபவர். கிரென்ஷாவுக்கோ ஆட்டம் இயல்பாகவே வாய்த்திருந்தது. அவர் சிறுவனாக இருந்தபோது பெனிக் ஒரு மட்டையை அவர் உயரத்திற்கேற்ப வெட்டித் தந்தார். பிஞ்சுக் கைகளைப் பிடித்து மட்டையின்மேல் முறையாக வைத்தார். அதன்பின் அவ்வியல்பைக் கெடுக்கும் மிகையான திருத்தங்களைத் தவிர்த்தார்.

ஒருவருக்குச் சொல்லும் பாடத்தை மற்றவர் பார்க்கப் பெனிக் இசைவதில்லை. ஒருவனுக்கு மருந்தாவது மற்றவனுக்கு நஞ்சாகலாம் என்பதை அவர் உணர்ந்திருந்தார். மாணவனின் ஏற்கும் திறனறிந்து பாடஞ்சொல்ல வேண்டும் என நன்னூல் வகுத்த நெறியும் இதுவேயன்றோ! 1972இல் அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையிலான தனிநபர் பட்டத்தை அவ்விருவரும் சமநிலையில் பகிர்ந்துகொண்டனர். வெவ்வேறு வழியில் நடத்தப்பட்டவர்கள் ஒரே உயரத்தை எட்டினர்.

தாம் கண்டறிந்தவற்றைப் பெனிக் பல்லாண்டுகளாக ஒரு சிவப்புக் குறிப்பேட்டில் எழுதி வந்தார். அது 1992இல் நூலாக வெளிவந்து பெரும் வரவேற்பைப் பெற்றது. அவ்வாண்டிலேயே கைட், தமது 42ஆம் வயதில், அமெரிக்கப் பொதுப் பட்டத்தை வென்றார்.

கிரென்ஷா 1984இல் அகஸ்டா நகரில் மாஸ்டர்ஸ் பட்டம் வென்றவர். 1995இன் தொடக்கத்தில் அவர் ஆட்டம் தளர்ந்திருந்தது. மார்ச் மாத இறுதியில், நோயுற்றுப் படுக்கையில் கிடந்த ஆசானைக் காணச் சென்றார். தொண்ணூறு வயதுப் பெனிக், ஒரு பழைய மட்டையை எடுத்துவரச் சொன்னார். பந்தைக் குழிக்குள் உருட்டும் முறையைப் படுத்தவாறே மீண்டும் விளக்கினார். தன்னையே நம்புமாறு கூறினார். அதுவே இறுதிப் பாடமாயிற்று. ஏப்ரல் 2ஆம் நாள் பெனிக் மறைந்தார்.

ஏப்ரல் 5ஆம் நாள் கிரென்ஷாவும் கைட்டும் அகஸ்டாவிலிருந்து ஆஸ்டினுக்குச் சென்று ஆசானின் இறுதிச் சடங்கில் கலந்துகொண்டனர். கிரென்ஷா அவருடைய பெட்டியைச் சுமந்தவர்களுள் ஒருவர். மறுநாள் அகஸ்டாவில் போட்டி தொடங்கியது. நான்கு நாள் ஆட்டத்தில் 274 அடிகள் எடுத்து, ஒரே அடி வேறுபாட்டில், 43 வயதுக் கிரென்ஷா மீண்டும் வாகை சூடினார். இறுதிக் குழியில் பந்து விழுந்ததும் முகத்தைக் கைகளில் புதைத்துக் குனிந்து அழுதார். விதிப்படி ஓர் ஆட்டக்காரர் 14 மட்டைகளையே வைத்திருக்கலாம். அவ்வாரம் தம் பையில் பதினைந்தாவதாக ஹார்வி பெனிக் இருந்தார் என்று கிரென்ஷா பின்னர்க் கூறினார்.

2002இல் ஆசானும் மாணவரும் ஒரே ஆண்டில் உலகக் கோல்ஃப் புகழ்மன்றத்தில் இடம்பெற்றனர்.

வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கும் ஒரே பாடத்தை ஒரே விரைவில் நடத்த வேண்டிய நெருக்கடி ஆசிரியர்களாகிய நமக்கு உண்டு. பெனிக்கைப் போல் ஒவ்வொருவரையும் தனியே அழைத்துக் கற்பித்தல் அரிது. எனினும், எந்தப் பிள்ளைக்குக் கூடுதலாகச் சொல்ல வேண்டும், எந்தப் பிள்ளையிடம் வாளா இருக்க வேண்டும் என்று அறிந்துகொள்ளுதல் இயலாததன்று. ஒரு சிறுவனின் கைகளை மட்டையின்மேல் வைத்த அந்தக் கைகள் ஓய்ந்த பின்னும், பாடம் ஓயவில்லை.