தெரிவுக்கு இடமில்லாத காலத்தில் குடும்பக் கார்

குடும்பத்துக்கென ஒரு புதிய காரைப் பார்த்து, ஒப்பிட்டு, பிடித்ததைத் தேர்ந்து வாங்குவது இந்தியாவில் மிக அண்மைக் காலத்துப் பழக்கமாகும். கார் இந்நாட்டுக்கு வந்து நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ஆனால் அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக் காலம், எந்தக் காரை வாங்குவது, எப்போது வாங்குவது என்ற இரண்டையும் வாங்குபவர் முடிவு செய்யவில்லை. அரசாணைகளும் மூன்று தொழிற்சாலைகளின் உற்பத்தித் திறனுமே முடிவு செய்தன.

விடுதலைக்கு முந்தைய நிலை இதற்கு நேர்மாறாக இருந்தது. சென்னையில் சிம்ப்சன் நிறுவனம் 1903-ஆம் ஆண்டிலேயே நீராவியால் இயங்கும் ஒரு காரைக் கட்டியது. 1928-இல் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயிலும், 1930-களில் ஃபோர்டு சென்னை உள்ளிட்ட துறைமுக நகரங்களிலும், வெளிநாட்டிலிருந்து பெட்டிகளில் வந்த பாகங்களைப் பூட்டி முழு வண்டியாக்கி விற்கும் கூடங்களை நடத்தின. ஆஸ்டின், மோரிஸ், செவர்லே, ஃபோர்டு, பியூக் எனப் பல பெயர்கள் சென்னை மவுண்ட் ரோடு விற்பனைக் கூடங்களில் அடுத்தடுத்து நின்றன. ஆயினும் அன்றைய வாடிக்கையாளர் ஜமீன்தாரும் உயர் அதிகாரியும் பெருவணிகரும் புகழ்பெற்ற வழக்கறிஞருமே ஆவர். கூடங்களில் வகைகள் நிறைந்திருந்தபோது அவற்றை வாங்கக்கூடிய குடும்பங்கள் மிகச் சிலவாக இருந்தன.

1953-இல் சுங்கவரி ஆணையம் (உள்நாட்டுத் தொழிலுக்கு இறக்குமதிப் போட்டியிலிருந்து எவ்வளவு காப்பு தேவை என ஆராய்ந்து அரசுக்குப் பரிந்துரைக்கும் அமைப்பு) அளித்த அறிக்கை இந்த நிலையை அடியோடு மாற்றியது. பாகங்களை இங்கேயே படிப்படியாகச் செய்யும் திட்டம் இல்லாமல், பூட்டி விற்பதை மட்டும் தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் தொடர்வதற்கில்லை என்ற அதன் பரிந்துரையை அரசு ஏற்றதால் ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் வெளியேறின. பயணிகள் கார் செய்யும் உரிமம் நடைமுறையில் மூன்று நிறுவனங்களிடம் தங்கியது. பிர்லா குடும்பத்தின் இந்துஸ்தான் மோட்டார்ஸ் கல்கத்தாவுக்கு அருகிலுள்ள உத்தர்பாராவில் மோரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியை அம்பாசிடராக்கியது. வால்சந்த் ஹீராசந்த் நிறுவிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் பம்பாயின் குர்லாவில் பியட் 1100 வண்டியைச் செய்தது. அதுவே 1970-களில் பிரீமியர் பத்மினி என்ற பெயரைப் பெற்றது. 1948-இல் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா சென்னையை அடுத்த வண்டலூரில், 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டைத் தயாரித்தது.

அரிதான அந்நியச் செலாவணியை ஆடம்பரப் பொருளுக்குச் செலவிடலாகாது என்ற கொள்கைக்கு அன்றைய சூழலில் வலுவான நியாயம் இருந்தது. உழவுக்கும் உருக்கு ஆலைக்கும் மின்நிலையத்துக்கும் முன்னுரிமை அளித்த ஓர் அரசைக் குறை கூறுவது எளிதன்று. ஆனால் இறக்குமதியைத் தடுத்ததோடு அக்கொள்கை நிற்கவில்லை. உள்நாட்டில் யார் கார் செய்யலாம், எத்தனை செய்யலாம், யாருக்கு எந்த வரிசையில் கொடுக்கலாம் என்பது வரை அது நீண்டது. 1960-இல் எல்.கே. ஜா தலைமையிலான குழு விலை குறைந்த சிறு காருக்கு ஆதரவாகக் கருத்துத் தெரிவித்த பிறகும், அந்தக் கார் இருபது ஆண்டுகளுக்கு மேல் விவாதப் பொருளாகவே இருந்தது; நடுத்தரக் குடும்பங்களுக்கு நேர்ந்த உண்மையான இழப்பு இதுவே.

1959-இல் வந்த மோட்டார் கார் பகிர்வு மற்றும் விற்பனைக் கட்டுப்பாட்டு ஆணை, கார் வாங்குவதை ஒரு விண்ணப்ப நடைமுறையாக மாற்றியது. ஒவ்வொரு விற்பனையாளரும் பதிவேடு ஒன்றை வைத்து, பதிவு செய்த தேதியின் வரிசைப்படியே வண்டியை வழங்க வேண்டும்; மத்திய, மாநில அரசுகளுக்கெனத் தனி ஒதுக்கீடு உண்டு. முன்பணத்தை அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் போட்டு, அந்தக் கணக்கை விற்பனையாளரின் பெயருக்கு ஈடாக எழுதிக் கொடுப்பது வழக்கமாயிற்று. பின்னாளில் விலையும் அரசின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. உற்பத்தியாளர்கள் உச்ச நீதிமன்றத்தை அணுகியதையடுத்து, நியாய விலையைக் கணிக்க முன்னாள் தலைமை நீதிபதி ஏ.கே. சர்க்கார் தலைமையில் ஓர் ஆணையமே அமைக்கப்பட்டது. நாட்டின் ஆண்டு உற்பத்தி 1970-களில் நாற்பதாயிரத்தை ஒட்டியோ அதற்குக் கீழோ இருக்கையில், பதிவேட்டில் பெயர் எழுதியவர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்ததில் வியப்பில்லை. பியட்டுக்கான வரிசை அவற்றுள் நீளமானது.

கட்டுப்பாட்டு விலைக்கும் வெளிச்சந்தை விலைக்கும் இடையிலான இடைவெளி, ஒரு விந்தையை உண்டாக்கியது. ஓரிரு ஆண்டுகள் ஓடிய பியட், ஷோரூம் விலையைவிடக் கூடுதலாக விற்றது. இதைத் தடுக்கவே, புதிய காரைப் பெற்றவர் குறிப்பிட்ட காலத்துக்குள் அதை விற்கலாகாது என்ற நிபந்தனை விதிக்கப்பட்டது. அந்த விலை இடைவெளியால், பதிவேட்டில் இடம்பெற்ற ஒரு பெயருக்கே பண மதிப்பு இருந்தது. மகனோ மகளோ வேலைக்குப் போகும் காலத்தில் உதவட்டும் என்று முன்கூட்டியே பதிந்து வைத்த குடும்பங்களின் கணக்கு, கார் ஓட்டுவதைப் பற்றியதாக இல்லாமல் சேமிப்பைப் பற்றியதாக இருந்தது.

இத்தகைய சூழலிலும் குடும்பங்கள் தமக்குக் கிட்டிய சிறு இடைவெளிக்குள் கூர்மையாகவே சிந்தித்தன. அம்பாசிடரின் 1489 சி.சி. எஞ்சினும், பின்புறத்துப் பட்டை வில்களும் (எஃகுத் தகடுகளை அடுக்கிச் செய்த அதிர்வுதாங்கி) குண்டும் குழியுமான சாலைக்கு ஈடுகொடுத்தன. கியர்க்கோல் ஸ்டியரிங் தண்டோடு இணைந்திருந்ததாலும் முன்னிருக்கை ஒரே நீள் பலகையாக இருந்ததாலும், திருமணத்துக்கோ திருப்பதிக்கோ செல்லும் பெரிய குடும்பம் முழுவதும் அதில் அடங்கியது. பியட் சிறியது, 1089 சி.சி. எஞ்சின் கொண்டது, எரிபொருளைக் குறைவாகக் குடித்தது. தானே ஓட்டிச் செல்லும் மருத்துவரும் பொறியாளரும் அதை விரும்பினர். ஹெரால்டின் முன்மூடி முழுவதும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறந்ததால் எஞ்சினை மூன்று பக்கமும் நின்று பழுது பார்க்கலாம் என்பது மெக்கானிக்குகள் அதைப் பாராட்டியதற்கான காரணம். தொடக்கத்தில் அதற்கு இரண்டே கதவுகள் இருந்தது முதியோர் உள்ள வீடுகளுக்கு இடையூறாக அமைந்தது.

இங்கு மெக்கானிக் பெற்றிருந்த இடம் தனிக் கவனத்துக்குரியது. உற்பத்தியாளரின் விளம்பரத்துக்கோ விற்பனையாளரின் பேச்சுக்கோ அவசியமே இல்லாதிருந்த அக்காலத்தில், காரைப் பற்றிய நம்பத்தகுந்த அறிவு பட்டறையிலேயே குடிகொண்டிருந்தது. பழைய வண்டி வாங்குவோர் ஆர்.சி. புத்தகத்தை (வண்டியின் உரிமையாளர், எஞ்சின் எண், அடிச்சட்ட எண் ஆகியவை பதியப்பட்ட அரசுச் சான்று) பார்ப்பதற்கு முன்பே தம் மெக்கானிக்கை உடன் அழைத்துச் சென்றனர். எஞ்சின் எண்ணெய் குடிக்கிறதா, அடிச்சட்டம் விபத்தில் வளைந்து நிமிர்த்தப்பட்டதா என்பதை அவர் காதாலும் கையாலும் அறிந்து சொன்னார். எழுதி வைக்கப்படாத இந்தத் தொழிலறிவு இந்தியத் தொழில் வரலாற்றில் இன்னும் உரிய இடத்தைப் பெறவில்லை.

வரிசையைக் குலைத்த முதல் நிகழ்வும் ஒரு வரிசையாகவே தொடங்கியது. சஞ்சய் காந்தியின் மாருதி நிறுவனம் தோல்வியுற்றுக் கலைக்கப்பட்ட பின், 1980-இல் அரசுடைமையாகி, 1981-இல் மாருதி உத்யோக் என்ற பெயரில் மறுபிறவி எடுத்தது. திருச்சி பாரத மிகுமின் நிறுவனத்தை வளர்த்தெடுத்தவரும் தஞ்சை மண்ணைச் சேர்ந்தவருமான வி. கிருஷ்ணமூர்த்தி அதன் நிர்வாகத்தை ஏற்றார். 1982 அக்டோபரில் ஜப்பானின் சுசுகி நிறுவனம் 26 விழுக்காட்டுப் பங்குடன் கூட்டாளியானது. 1983-இல் பதிவு தொடங்கியபோது, ஒருவரும் ஓட்டிப் பார்த்திராத ஒரு காருக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தலைக்குப் பத்தாயிரம் ரூபாய் கட்டினர். யாருக்கு முதலில் என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது. அவ்வாண்டு டிசம்பர் 14 அன்று பிரதமர் இந்திரா காந்தி முதல் சாவியை வழங்கினார்.

மூன்று சிலிண்டர்களும் 796 சி.சி. எஞ்சினும் கொண்ட அந்தச் சிறு வண்டி, காரைப் பெண்களும் அச்சமின்றி ஓட்டலாம், ஓட்டுநரை அமர்த்தாமலே குடும்பம் வைத்துக்கொள்ளலாம், வாரந்தோறும் பட்டறைக்குப் போக வேண்டியதில்லை என்ற மூன்று எதிர்பார்ப்புகளை நடுத்தர வகுப்பில் விதைத்தது. பழைய நிறுவனங்களுக்கு அது பேரிடியாயிற்று. வண்டலூர் ஆலை 1985-இல் வெளியிட்ட ஸ்டாண்டர்டு 2000 எரிபொருளை மிகுதியாக உண்டதால் நிலைபெறவில்லை. அப்பத்தாண்டின் இறுதிக்குள் ஆலையே மூடப்பட்டது. அம்பாசிடர் மட்டும் அரசு அலுவலகங்களின் ஆதரவில் 2014 வரை உயிர் தரித்தது.

1993-இல் கார் உற்பத்திக்கான உரிம முறை நீக்கப்பட்டதும் வேகம் கூடியது. ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் சான்ட்ரோவை வெளியிட, டாடாவின் இண்டிகாவும் அவ்வாண்டே வர, மறைமலை நகரில் ஃபோர்டும் ஆலை அமைக்க, ஒரு குடும்பம் ஒரே நாளில் மூன்று ஷோரூம்களுக்குச் சென்று ஓட்டிப் பார்த்து விலை பேசும் நிலை அப்போதுதான் பிறந்தது. முன்பு 1954 முதல் லாரி உரிமையாளர்களுக்குச் சுந்தரம் ஃபைனான்ஸ் போன்ற நிறுவனங்கள் வழங்கிவந்த தவணைக் கடன், இப்போது மாதச் சம்பளக்காரரின் வீட்டுக்கும் வந்தது. கடன் தீரும்வரை வண்டி வங்கிக்கு ஈடாக உள்ளது என்னும் ஹைப்பாத்திகேஷன் குறிப்பு, ஆர்.சி. புத்தகத்தின் வழக்கமான வரியாயிற்று.

ஆனால் பொருளும் பணமும் கிடைத்துவிட்டால் தெரிவு முழுமை பெற்றதாகாது. மைலேஜும் மறுவிற்பனை விலையும் ஒவ்வொரு வீட்டிலும் விவாதிக்கப்பட்ட அளவுக்கு, மோதலின்போது வண்டிக்குள் இருப்போருக்கு என்ன ஆகும் என்பது விவாதிக்கப்படவில்லை. அதை அறியும் வழியே வாங்குவோரிடம் இல்லை. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்ற பன்னாட்டு அமைப்பு இந்தியாவில் விற்கப்பட்ட ஐந்து சிறு கார்களின் அடிப்படை வகைகளை மோதவிட்டுச் சோதித்தபோது, பெரியவர்களின் பாதுகாப்பில் ஐந்துமே ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. ஓட்டுநருக்கான காற்றுப்பை 2019 ஜூலையில்தான் கட்டாயமாயிற்று. பாரத் என்கேப் எனும் இந்திய அரசின் சொந்த மதிப்பீட்டு முறை 2023 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. உற்பத்தியாளர் தாமே விரும்பி ஒப்படைக்கும் வண்டிகளை மையமாகக் கொண்டே அது அமைக்கப்பட்டது. யாருக்குக் கார் என்பதைக் கால்நூற்றாண்டுக் காலம் ஆணையிட்டுத் தீர்மானித்த அரசு, விற்பனைக்கு வரும் ஒவ்வொரு குடும்பக் காருக்கும் இச்சோதனையைக் கட்டாயமாக்க வேண்டும்.