செய்மதிப் படமும் சமுதாய உறவுகளும்: கல்முனைக் கரையிலிருந்து ஒரு நோக்கு

வானிலை அறிவின் வரலாற்றைக் கருவிகளின் வரலாறாக மட்டும் எழுதும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. கருவி தரும் செய்தி யார் கைக்கு, என்ன விலைக்கு, எத்துணைத் தாமதத்தோடு வந்து சேர்கின்றது என்ற வினா அங்கு எழுவதில்லை. அம்பாறைக் கரையோர மக்களின் அநுபவத்தையும் சிறிய தனியார் விமானங்களைச் செலுத்துவோரின் அநுபவத்தையும் ஒருங்குவைத்து நோக்குமிடத்து, அவ்வினாவின் முக்கியத்துவம் புலனாகும்.

மருதமுனை முதல் நிந்தவூர் வரையுள்ள ஊர்களின் கரைவலைத் தொழிலாளரும் தோணிக்காரரும் வாடையையும் கச்சானையும் கொண்டு தொழில்நாளைக் கணித்தனர். தலைமுறைகளின் உழைப்பிற் பிறந்த அறிவு அது. ஆயினும், அடிவானுக்கு அப்பால் உருவாகும் சூறாவளி அதன் எல்லைக்கு வெளியே நின்றது. 1978 நவம்பர் 23ஆம் திகதி கிழக்குக் கரையைத் தாக்கிய சூறாவளியில் 900க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு 18 ஆண்டுகளுக்கு முன்னரே, 1960 ஏப்பிரலில், டைரோஸ்-1 என்னும் வானிலைச் செய்மதி ஏவப்பட்டிருந்தது. 1963 டிசம்பரில் ஏவப்பட்ட டைரோஸ்-8, எளிய வாங்கியை உடைய எவரும் பெறத்தக்க வகையில் படங்களை நேரடியாக அனுப்பியது. வானிலிருந்து காணும் ஆற்றல் வளர்ந்த வேகத்தில், அக்காட்சியைக் கடற்கரைக் குடிசைவரை கொண்டுசேர்க்கும் சமுதாய ஏற்பாடு வளரவில்லை என்பதே இங்கு மனங்கொள்ளத்தக்கது.

இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் வட அமெரிக்காவின் சிறு விமானங்களிலே செய்மதிவழி வானிலைச் சேவை பரவலாயிற்று. தரையிலுள்ள ராடார்கள் திரட்டிய மழைப்படம், தனியார் செய்மதியூடாக, சந்தா செலுத்துவோரின் விமானியறைத் திரையில் தோன்றிற்று. பின்னர் அரசின் தரைநிலையங்கள் கட்டணமின்றியும் அத்தகவலை வழங்கலாயின. ஆனால், 2012 ஜூனில் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை ஓர் எச்சரிக்கை விடுத்தது: திரையில் குறிக்கப்படும் நேரத்தைவிடப் படத்தின் தரவு 15 முதல் 20 நிமிடம்வரை பழையதாயிருக்கலாம். பல ராடார்களின் தரவைத் திரட்டி இணைப்பதற்குச் செல்லும் நேரத்தைத் திரை கணக்கிற் கொள்வதில்லை. இணைத்து முடித்த கணத்திலிருந்தே அது படத்தின் வயதை எண்ணுகின்றது. அதற்கிடையில் இடிமுகில் நகர்ந்துவிடும். எனவே, புயலை வெகுதூரம் விலகிச் செல்ல அப்படம் துணைபுரியும். முகில்களுக்கிடையே வழிதேட அதனை நம்புவது ஆபத்தாகும்.

இன்று செய்மதிப் படம் கல்முனைவாசியின் கைத்தொலைபேசியிலும் உண்டு. எனினும், 2024 நவம்பர் 26ஆம் திகதி, வங்கக் கடலில் தாழமுக்கம் வலுத்திருந்த வேளையில், காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியின் வெள்ளத்தைக் கடக்க முயன்ற உழவு இயந்திரம் கவிழ்ந்து, அரபுக் கல்லூரியிலிருந்து வீடு திரும்பிய சிறுவர் உட்படப் பலர் உயிரிழந்தனர். வானிலைப் படம் இருந்தது. வெள்ளத்துக்கு மேலே உயர்ந்து நிற்கும் வீதி இருக்கவில்லை.

ஆகவே, படம் கிடைப்பதும் பாதுகாப்புக் கிடைப்பதும் ஒன்றல்ல. தன் விமானத்தைத் தானே செலுத்துபவர் பயணத்தைப் பிற்போட்டால் இழப்பது பெரும்பாலும் ஒரு பயணத்தையே. கடன்பட்டுக் கூலிக்குக் கடலேறும் தொழிலாளி ஒருநாளை இழந்தால் வீட்டில் அடுப்பெரியாது. எச்சரிக்கையைக் கேட்டு நிற்கும் சுதந்திரமும் வர்க்க அடிப்படையிலேயே பங்கிடப்பட்டுள்ளது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கமும் செய்தியைப் பரப்பலாம். ஆனால், கடலேறாத நாளுக்கு ஈட்டுத்தொகையும் வெள்ளம் மறிக்காத வீதியும் உறுதிசெய்யப்படும்போதுதான், செய்மதி தரும் அறிவு உழைக்கும் மக்களின் உடைமையாகும் என்பதே எமது துணிபு.