மூன்று சக்கரத் தேர்

பால்வாடி டீச்சராக நான் வேலை பார்த்த காலமெல்லாம் தாய்மார்கள் கேட்டது ஒன்றுதான். "பிள்ள எப்பப் பாத்தாலும் விளையாடுதே டீச்சர், எழுத்து எப்பச் சொல்லிக்குடுப்பீங்க?" விளையாட்டைப் பார்த்து நம் புலவர்கள் இப்படிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் இரண்டு பாட்டிலும் பொம்மைத் தேரைக் கொண்டுவருகிறார். பட்டினப்பாலையில், காயும் நெல்லைக் கொத்த வந்த கோழிமேல் எறிந்த காதணி, பிள்ளை உருட்டிவரும் மூன்று சக்கரத் தேருக்குக் குறுக்கே கிடக்கிறது. பெரும்பாணாற்றுப்படையிலோ, தச்சர் வீட்டுப் பிள்ளைகளே ஆசைப்படும் தேர். தளர்நடையில் அதை உருட்டிக் களைத்த பிள்ளை, செவிலியிடம் பால் குடித்துவிட்டுத் தூங்கிப்போகிறது. பிள்ளை வளர்த்த வீட்டை அருகிருந்து பார்த்தவர் எழுதியது என்று எனக்குத் தோன்றும்.

பிறகு வந்தது பிள்ளைத்தமிழ். பெரியாழ்வார் கண்ணனைப் பாடினார். 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கனையே பிள்ளையாக்கிப் பாடினார். பருவம் பத்து. மூன்றாம் மாதக் காப்பில் தொடங்கி, இரண்டு மாதத்துக்கு ஒன்றாக 21-ஆம் மாதச் சிறுதேர் வரை போகும் என்பது மரபுக் கணக்கு. ஐந்தாம் மாதம் செங்கீரை. ஒரு காலை மடக்கி, மற்றதை நீட்டி, இரு கையையும் தரையில் ஊன்றித் தலையை ஆட்டுவது. ஒன்பதாம் மாதம் சப்பாணி, உட்கார்ந்து கைகொட்டுவது. எடை பார்க்கும் நாளில் பாயில் விட்ட பிள்ளைகளைக் கவனித்தால் இந்த வரிசையின் நியாயம் புரியும். முதுகு உறுதிப்பட்டு, பிடிமானம் இல்லாமல் உட்கார்ந்தால்தான் இரண்டு கையும் ஓய்வாகும். அதற்குப் பிறகே ஆசைதீரக் கைதட்ட முடியும். எங்கள் பதிவேட்டில் எடைக்குக் கட்டம் உண்டு. கைதட்டியதற்கும் ஒரு கட்டம் வேண்டும்.

ஒரு மனத்தாங்கலும் உண்டு. கடைசி மூன்று பருவம் ஆண்பிள்ளைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பிள்ளைக்கு அம்மானை, நீராடல், ஊசல். அம்மானை அருமையான விளையாட்டு. காயை எறிந்து பிடிக்கும்போது கண்ணும் விரலும் சேர்ந்து பழகுகின்றன. எழுத்து கேட்கும் தாய்மாருக்கு நான் அதைத்தான் காட்டுவேன். ஆனால் தேரை ஏன் மறுத்தார்கள்? தெருவில் தள்ளிக்கொண்டு போகும் சுகம் அவளுக்கும் வேண்டாமா?

ஊர் ஆசாரி செய்துகொடுத்த நடைவண்டி ஒன்று எங்கள் மையத்தில் இருந்தது. அதை முதலில் பெண்பிள்ளைகளிடம்தான் கொடுப்பேன். வாசற்படியில் முட்டி நின்றாலும் ஓடிப்போய்த் தூக்கிவிட மாட்டேன். கொஞ்ச நேரம் அழுத்திப் பார்ப்பாள், பிறகு பின்னால் இழுப்பாள், திருப்புவாள், வேறு பக்கமாகத் தள்ளிக்கொண்டு போய்விடுவாள்.