பாஸ்கு: எங்கட கரையில் ஒரு பெருநாள்

எங்கட வயசுக்காரருக்கு 'ஈஸ்டர்' என்ற சொல் தனியா வாறதில்லை. பின்னாலேயே 'தாக்குதல்' என்ற சொல்லும் வரும். 2019 ஏப்ரல் 21 நடக்கும்போது நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பு ஹோட்டல்கள் என்று 260க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அதற்கு மூன்று மாதம் முன்பு வெடிபொருள் பிடிபட்ட வனாத்தவில்லு எங்கட மாவட்டம். மே 13இல் முஸ்லிம் கடைகளும் பள்ளிகளும் அடித்து நொறுக்கப்பட்டு, கொட்டாரமுல்லையில் ஒரு தச்சர் கொல்லப்பட்டதும் இதே மாவட்டத்தில்தான். அதற்குப் பிறகு நாங்கள் வெளியூரில் "ஊர் ஆலங்குடா, புத்தளம்" என்று சொன்னால், கேட்டவர் ஒரு கணம் பேசாமல் இருப்பார். அந்த ஒரு கணம் எங்களுக்கு நல்லாப் பழகிவிட்டது.

அந்த நாளைப் பற்றி எவ்வளவோ வாசித்திருக்கிறோம். ஆனால் அண்டைக்கு அந்தச் சனம் எதைக் கொண்டாடப் போனது என்று கேட்டால், எங்களிடம் இரண்டு வரிகூட இருக்கவில்லை. வெட்கமான விஷயம்தான். வகுப்பில் இருக்கிற சிலாபத்து நண்பியிடம் "திகதி ஏன் வருஷா வருஷம் மாறுது?" என்று கேட்டோம். "நீங்க பெருநாளைக்குப் பிறை பாக்கிற மாதிரித்தான், நாங்க முழுநிலா" என்றாள்.

உண்மைதான். யூதர்கள் எகிப்திலிருந்து விடுதலையானதை நினைவுகூரும் பஸ்கா விழா, நிசான் மாதத்து முழுநிலாவில் வருவது. இயேசு சிலுவையில் அறையப்பட்டது அந்த விழாக் காலத்தில். அதனால் உயிர்த்த ஞாயிறும் நிலாவோடு கட்டுண்டது. 325இல் நைசியாவில் கூடிய ஆயர்கள், எல்லாரும் ஒரே ஞாயிறில்தான் கொண்டாட வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். பிறகு நிலைத்த கணக்கு இதுதான்: மார்ச் 21இலோ அதற்குப் பின்போ வரும் முதல் முழுநிலா, அதற்கு அடுத்த ஞாயிறு. ஆகவே மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் எந்த ஞாயிறாகவும் இருக்கலாம். 2019இல் பெரிய வெள்ளியும் பக் போயாவும் ஒரே நாள், ஏப்ரல் 19. எங்கட கணக்கில் அது ஷஃபான் மாதத்தின் நடுநிலா. மூன்று சமயமும் ஒரே நிலாவை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது.

'ஈஸ்டர்' என்ற பெயர் ஆங்கிலேயருடையது. எயோஸ்டர் என்ற வசந்தகாலத் தேவதையின் பெயரிலிருந்து வந்தது என்று பீட் என்ற துறவி 8ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்தார். அவரைத் தவிர வேறு சாட்சி அதிகம் இல்லை. முட்டைக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. தவக்காலத்தில் முட்டை விலக்கப்பட்டிருந்த காலத்தில், கோழி நோன்பு பிடிக்காதே! சேர்ந்துபோன முட்டை பெருநாளில் வெளியே வந்தது. முயல் ஜெர்மன்காரரின் கதை, அது இந்தப் பக்கம் வரவே இல்லை. இங்கே வந்தது போர்த்துக்கேயரின் 'பாஸ்கோவா'. எங்கட கரையில் தமிழிலும் சிங்களத்திலும் அது பாஸ்கு.

வந்த பெருநாள் நின்று பிடித்ததுதான் எங்களை ஆச்சரியப்படுத்திய கதை. ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்தார்கள். குருமாருக்கு இடம் கொடுப்பதே குற்றம். 1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்த யோசேப் வாஸ், வீடுகளில் இரவிரவாகப் பூசை வைத்தார். பிடிக்க வந்தபோது தப்பி, 1690இல் புத்தளத்துக்கு வந்தார். ஏன் புத்தளம்? களப்புக்கு இந்தப் பக்கம் கற்பிட்டியில் ஒல்லாந்தரின் கோட்டை. அந்தப் பக்கம் புத்தளம் கண்டி ராசாவின் துறைமுகம். நாங்கள் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிற இந்தத் தண்ணி, ஒரு காலத்தில் ஒரு சமயத்துக்குத் தடை இருந்த கரைக்கும் மூச்சு விட்ட கரைக்கும் நடுவில் கிடந்திருக்கிறது. அதே வாஸை 2015இல் பாப்பரசர் காலிமுகத்திடலில் புனிதராக்கினார்.

அவருக்குப் பின் 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வேஸ் தமிழும் சிங்களமும் படித்து எழுதினார். அவருடைய வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்தில் இழவு வீட்டு ஒப்பாரி மாதிரி இழுத்து வாசிக்கப்படுவது. வாசகர்களுக்கு ஒன்று சொல்லவேணும்: முதல்தரம் கேட்டபோது எங்களுக்குத் தொண்டை அடைத்தது.

குருத்தோலை ஞாயிறு இன்னும் கிட்டத்து விஷயம். ஐரோப்பாவின் குளிர்நாடுகளில் ஈந்தோலைக்குப் பதிலாக வில்லோ மரக் கிளை பிடிப்பார்கள். தென்னை மண்ணான இங்கே தென்னங்குருத்து. கிழித்துச் சிலுவையாகப் பின்னி வீட்டில் செருகிவைத்த அதே ஓலையை அடுத்த வருஷம் எரித்து, விபூதிப் புதனுக்குச் சாம்பலாக நெற்றியில் பூசுவார்கள்.

எங்கட உம்மம்மாவிடம் இதைச் சொன்னபோது அவ சிரிச்சா. 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து ஆலங்குடா முகாமுக்கு வந்தவ. "பேசாலையில பாஸ் நாடகம் போடுவாங்க, நாங்களும் போய்ப் பாத்தனாங்கதானே" என்றா. இவ்வளவு நாளும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். "நீங்க எங்க கேட்டனீங்க?"

வசந்தம் என்று எங்களுக்குத் தனியா ஒன்றில்லை. வாடைக்காற்றுக் காலத்தில் சிலாபம், நீர்கொழும்புப் பக்கமிருந்து வந்து கரையில் வாடி போட்ட மீனவர்கள், பெரும்பாலும் கத்தோலிக்கர், பாஸ்கு முடிய மூட்டை கட்டத் தொடங்குவார்கள். கொஞ்ச நாளில் சோளகம் எழும்பிவிடும். கடல் கொந்தளிக்கும். வாடி இருந்த இடத்தில் கிடுகும் அறுந்த வலையும் மட்டும் கிடக்கும், ஒக்டோபர் மட்டும்.