சீனத்துப் பிள்ளைகள் ஆங்கிலம் வாசிக்கக் கற்ற கதை



சில வருடங்களுக்கு முன் பாரீஸில் மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தேன். 13 ஆம் வட்டாரத்தில் அவர்கள் குடியிருப்பு. சீனர்கள் அதிகம் வாழும் பகுதி. எதிர் வீட்டுக்குச் சீனாவிலிருந்து புதிதாக ஒரு குடும்பம் வந்திருந்தது. அவர்கள் பையனுக்குப் பதினாறு வயது. பிரெஞ்சு அப்போதுதான் பழகிக்கொண்டிருந்தான். ஆங்கிலம் ஊரிலேயே ஏழெட்டு வருடம் படித்தது. என்னை "முசியே" என்று கூப்பிடுவான்.

ஒருநாள் தன் ஆங்கிலப் பாடப்புத்தகத்தைக் கொண்டுவந்தான். ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லின் கீழும் பென்சிலால் பொடிப்பொடியாகச் சீன எழுத்து. ஒரு பக்கத்தை உரக்க வாசித்தான். உச்சரிப்பு சுத்தமாக இருந்தது, ஓர் இடத்திலும் தடுக்கவில்லை. முடித்ததும், "இதை எழுதியவர் கடைசியில் என்னதான் சொல்கிறார்?" என்று கேட்டேன். முழித்தான். எல்லாச் சொல்லும் தெரிந்திருந்தது, சொன்ன விஷயம் மட்டும் தெரியவில்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இடத்தில் நானும் ஒருகாலத்தில் நின்றவன்தான். அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் சீனாவின் கதை. ஊர் திரும்பியபின் இதைப் பற்றித் தேடித்தேடிப் படித்தேன்.

சீனர்களுக்கும் ஆங்கிலத்துக்கும் முதலில் ஏற்பட்ட உறவு வாசிப்பு உறவு அல்ல, வியாபார உறவு. கேன்டன் துறைமுகத்தில் வெள்ளைக்காரர்களோடு பேரம் பேச ஒரு கலப்புப் பேச்சு இருந்தது. அதைக் கற்க மலிவான சிறு நூல்கள் விற்றன. ஆங்கிலச் சொல்லின் ஒலியைச் சீன எழுத்திலேயே எழுதியிருக்கும். ஆங்கில எழுத்து ஒன்றுகூடத் தெரியாமல் விலை பேசிவிடலாம். சந்தைக்கு அது போதும், அரசாங்கத்துக்குப் போதுமா?

போதாது என்பது 1858 இல் தெரிந்தது. அபினிப் போரில் தோற்ற நிலையில் தியான்ஜின் உடன்படிக்கையில் சீனா கையெழுத்திட்டது. அதில் ஒரு ஷரத்து: ஆங்கிலப் பிரதிக்கும் சீனப் பிரதிக்கும் பொருள் வேறுபட்டால் ஆங்கிலப் பிரதி சொல்வதே சரி. இனிமேல் பிரிட்டிஷ் அதிகாரிகள் ஆங்கிலத்திலேயே கடிதம் எழுதுவார்கள். சீனாவில் வாசிக்கத் தெரிந்த ஆட்கள் தயாராகும்வரை மட்டும் சீன மொழிபெயர்ப்பு சேர்த்து அனுப்புவார்கள். அலுவலகத்தில் காலம் கழித்தவர்களுக்கு இதன் கனம் புரியும். கையெழுத்துப் போட்டவருக்கே தாம் எதில் போட்டோம் என்று வாசிக்கத் தெரியாத நிலை.

அதனால்தான் 1862 இல் பெய்ஜிங்கில் தோங்வென் குவான் என்ற மொழிப் பள்ளியை அரசே திறந்தது. முதலில் சேர்ந்தவர்கள் பத்தே பேர், மஞ்சு குலத்துப் பிள்ளைகள். ஆசிரியர் ஜான் பர்டன் என்ற ஆங்கிலப் பாதிரியார். மதம் பேசக்கூடாது என்பது நிபந்தனை. அடுத்த ஆண்டே பிரெஞ்சும் ரஷ்ய மொழியும் சேர்ந்தன. ஷாங்ஹாயிலும் கேன்டனிலும் இதேபோன்ற பள்ளிகள் தோன்றின.

1866 இல் ஃபூசோ நகரில் கப்பல் கட்டும் துறையோடு ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. என் மனதுக்கு நெருக்கமானது இதுதான். அங்கே கப்பல் கட்டும் பிரிவுக்குப் பிரெஞ்சில் பாடம், கப்பல் ஓட்டும் பிரிவுக்கு ஆங்கிலத்தில் பாடம். ஆங்கிலப் பிரிவில் படித்த யென் ஃபூ பின்னாளில் ஹக்ஸ்லியின் பரிணாமம் பற்றிய நூலைச் சீனத்தில் தந்தார். 1898 இல் வெளிவந்த அந்த நூல் ஒரு தலைமுறையின் சிந்தனையையே மாற்றியது. பிரெஞ்சுப் பிரிவில் படித்த வாங் ஷோசாங், அலெக்சாந்தர் துய்மா மகன் எழுதிய கமேலியாப் பெண் நாவலை வாய்மொழியாகச் சொல்லச்சொல்ல, லின் ஷூ என்பவர் அதைச் செம்மையான சீன நடையில் எழுதினார். 1899 இல் வந்த அந்தப் புத்தகம் பெரும் வெற்றி. லின் ஷூவுக்கு ஓர் அந்நிய மொழிகூடத் தெரியாது. இப்படியே பிறர் சொல்லக் கேட்டு 150 க்கும் மேற்பட்ட நூல்களை மொழிபெயர்த்தார்!

பள்ளிப் பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது? இங்கேதான் நம் நாடு கதைக்குள் வருகிறது. 1897 இல் ஷாங்ஹாயில் அச்சுக்கூடத் தொழிலாளர்கள் சிலர் சேர்ந்து கமர்ஷியல் பிரஸ் என்ற அச்சகத்தைத் தொடங்கினார்கள். மறுவருடம் அவர்கள் போட்ட முதல் வெற்றிப் புத்தகம் ஓர் ஆங்கில வாசகம். அது எங்கிருந்து வந்தது தெரியுமா? இந்தியப் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஆங்கிலேயர் தயாரித்த பாடப்புத்தகம் அது! சீனாவில் அது முழு ஆங்கிலத்தில் புழங்கியது, பிள்ளைகளுக்குப் பொருள் விளங்கவில்லை. சியே ஹொங்லாய் என்பவர் சீன விளக்கம் சேர்த்துக் கொடுத்தார். புத்தகம் உடனே விற்றுத் தீர்ந்தது. அந்த அச்சகம் இன்று சீனாவின் மிகப் பழைய பதிப்பகங்களில் ஒன்று.

1905 இல் பழைய அரசுத் தேர்வு முறை ஒழிந்தது. அதுவரை சீனப் பிள்ளைக்குப் படிப்பு என்றால் மூல நூல்களை மனப்பாடம் செய்வது, பிறகு ஆசிரியர் சொல்லும் உரையைக் கேட்பது. தேர்வு போனாலும் பழக்கம் போகவில்லை. ஆங்கிலப் பாடத்தையும் அப்படியே நடத்தினார்கள். இரண்டு பக்கப் பாடம் ஒன்றை எடுத்துக்கொண்டு சொல் சொல்லாகப் பிரித்து, இலக்கணம் சொல்லி, மொழிபெயர்த்து, மனப்பாடம் செய்ய வைப்பார்கள். இதை ஆழ்ந்த வாசிப்பு என்பார்கள். இதற்கு எதிரானது பரந்த வாசிப்பு. எளிய புத்தகங்களை ஓடுகிற ஓட்டத்தில் நிறைய வாசிப்பது. 1920 களின் கடைசியில் லின் யூதாங், ஃபெங் ஸிகாயின் சித்திரங்களோடு பிள்ளைகள் விரும்பும்படி ஒரு ஆங்கிலப் பாடநூல் வரிசை எழுதினார். அது பல காலம் செல்வாக்கோடு இருந்தது.

அதே காலத்தில் நம் பக்கத்து டாக்காவில் மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயக் கல்வி அதிகாரி இதே நோயைப் பார்த்துக்கொண்டிருந்தார். வங்காளப் பையன்கள் வருடக்கணக்கில் ஆங்கிலம் படித்தும் ஒரு புத்தகத்தைத் தானாக வாசித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை. பாதியில் பள்ளியை விடுகிற பையனுக்கு அதுவரை படித்ததில் என்ன மிச்சம் என்று கேட்டார். எல்.ஐ.சி. பாலிசியைப் பாதியில் நிறுத்தினால் சரண்டர் வேல்யூ கிடைக்கிறதே, அந்தக் கணக்குத்தான். 1926 இல் இதைப் பற்றி நூல் எழுதினார். அடிக்கடி வரும் சொற்களை முதலில் கொடு, புதுச் சொற்களைச் சிறிது சிறிதாகத் தூவு, எளிய புத்தகங்களை நிறைய வாசிக்கவிடு என்பது அவர் முறை. இன்று படிநிலை வாசகங்கள் என்று உலகெங்கும் விற்பவற்றுக்கு முன்னோடி அவருடைய புத்தகங்கள்தான்.

சீனாவில் 1949 க்குப் பிறகு ரஷ்ய மொழி முன்னுக்கு வந்தது. சோவியத்தோடு உறவு கசந்ததும் ஆங்கிலம் திரும்பியது. பிறகு கலாசாரப் புரட்சி. பத்து வருடம் கல்லூரி நுழைவுத் தேர்வே இல்லை. ஆங்கிலப் பாடம் இருந்த இடங்களில் மாவோவை வாழ்த்தும் கோஷங்களே பாடம்.

1977 இறுதியில் தேர்வு மீண்டும் வந்தபோது சுமார் 57 இலட்சம் பேர் எழுதினார்கள். இடம் கிடைத்தது சுமார் 2,70,000 பேருக்கு. ஆங்கில மதிப்பெண்ணைப் படிப்படியாகக் கூட்டி 1983 இல் முழுமையாகச் சேர்த்தார்கள். 1985 இல் குவாங்டோங் மாகாணத்தில் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் முறையில் ஆங்கிலத் தேர்வைச் சோதித்து, பிறகு நாடெங்கும் கொண்டுபோனார்கள். இதற்கிடையே 1982 இல் பி.பி.சி.யின் ஃபாலோ மீ நிகழ்ச்சி சீனத் தொலைக்காட்சியில் வந்து, ஜனங்கள் பெட்டி முன்னால் கூடி ஆங்கிலம் கற்றார்கள்.

இன்று மேல்நிலைப் பள்ளி முடிக்கும் மாணவன் எழுதும் ஆங்கிலத் தாளுக்கு மொத்தம் 150 மதிப்பெண். புதிய தேசிய வினாத்தாளில் வாசித்தறிதலுக்கு மட்டும் 50. நான்கு பகுதிகளை வாசித்து 15 கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். ஐந்தாவது கட்டுரையில் ஐந்து வாக்கியங்களை எடுத்துவிட்டு, ஏழு வாக்கியங்களைக் கொடுத்து எது எங்கே பொருந்தும் என்று கேட்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் நான்கு வகை: சொல்லப்பட்ட தகவல் எது, சொல்லாமல் உணர்த்தியது எது, மையக் கருத்து என்ன, இந்தப் புதுச் சொல்லுக்கு இந்த இடத்தில் என்ன பொருள். என் பாரீஸ் பையன் முதல் வகையில் கெட்டி. மற்ற மூன்றிலும் தடுமாறினான்.

ஏன் தடுமாறுகிறார்கள்? மொழி அமைப்பிலேயே காரணம் இருக்கிறது. "நான் நேற்று வாங்கிய புத்தகம்" என்று நாம் சொல்கிறோம். சீனத்திலும் அதே வரிசைதான். ஆங்கிலத்தில் புத்தகம் முதலில் வரும், நான் நேற்று வாங்கியது என்பது பின்னால் வாலாகத் தொங்கும். வாலுக்குள் இன்னொரு வால் வந்தால் எது எதைச் சேர்ந்தது என்று குழம்பும். சீன வினைச்சொல் காலத்துக்குத் தக்கபடி உருமாறாது. தொலைபேசிக்குச் சீனத்தில் மின்சாரப் பேச்சு, கணினிக்கு மின்சார மூளை. எழுத்தைப் பார்த்தாலே பொருள் ஓரளவு தெரியும். ஆங்கிலச் சொல்லில் அந்த வசதி இல்லை. அதனால் நல்ல ஆசிரியர்கள் டெலி என்றால் தொலைவு என்று சொல்லின் வேர்களைக் கற்பிக்கிறார்கள். வாக்கியத்தில் முதலில் எழுவாயையும் வினையையும் தேடிப் பிடிக்கச் சொல்கிறார்கள். பத்தியின் முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் பார்த்துக் கருத்தை ஊகிக்கப் பழக்குகிறார்கள்.

இவையெல்லாம் சரிதான். ஆனாலும் வாசிக்காமல் வாசிப்பு வராது. 1990 களிலிருந்து புத்தகப்புழு என்ற பெயரில் எளிய ஆங்கிலக் கதைப்புத்தகங்கள் சீன மொழிபெயர்ப்போடு விற்கின்றன. 2017 பாடத்திட்டமும் பாடப்புத்தகத்துக்கு வெளியே வாரம் சராசரியாக 1500 சொற்களாவது வாசிக்க வேண்டும் என்கிறது.  தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைக்கு அதற்குக்கூட நேரம் இருப்பதில்லை.

இப்போது என் கதை. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். 1962 இல் சட்டப்படி ஊர் இந்தியாவோடு இணைந்தது. நான் எல்.டி.சி.யாக வேலைக்குச் சேர்ந்தபோது கோப்புகள் எல்லாம் ஆங்கிலம். பிரெஞ்சு தெரிந்தவனுக்கு ஆங்கிலம் சுலபம், பாதிச் சொல் ஒன்றுதானே என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

கணவனை இழந்த ஓர் அம்மாள் குடும்ப ஓய்வூதிய நிலுவைக்காக வருவார். மேலிடத்துக் கடிதத்தில் தொகை ஈவென்ச்சுவலி வழங்கப்படும் என்று இருந்தது. பிரெஞ்சில் எவாந்துவெல்மான் என்றால் ஒருவேளை, நேர்ந்தால் என்று பொருள். ஆங்கிலத்தில் கடைசியில் நிச்சயமாக என்று பொருள். நான் பிரெஞ்சுக் கண்ணால் வாசித்துவிட்டு, "நிச்சயமில்லைங்கம்மா, வந்தால் வரும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் அதன்பின் வரவில்லை. சில மாதம் கழித்துக் கோப்பைப் பார்த்த சூப்பரிண்டெண்ட் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, இதை யார் இப்படி உனக்குச் சொன்னது?" என்றார். அன்றைக்கே அந்த அம்மாளுக்குக் கார்டு எழுதிப்போட்டேன். வந்தார். பணமும் வந்தது. ஆனால் அதற்குள் மகள் கல்யாணத்துக்காகத் தன் சங்கிலியை அடகு வைத்து, அது மூழ்கியும் போயிருந்தது. என்னை ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அதன்பின் மதிய இடைவேளையில் எளிய ஆங்கிலக் கதைகளாக வாசிக்க ஆரம்பித்தேன். சொல்லுக்குச் சொல் நிறுத்தாமல், பக்கம் முடிந்தபின் அகராதியைத் தொடுவது என்று வைத்துக்கொண்டேன். இரண்டு வருடத்தில் கோப்பு தானாகப் புரிந்தது.

பாரீஸ் பையனுக்கும் அதையே சொன்னேன். நூலகத்திலிருந்து மெல்லிய ஆங்கிலக் கதைப்புத்தகம் ஒன்று எடுத்துக் கொடுத்து, பென்சிலை வாங்கி வைத்துக்கொண்டேன். முதல் இரண்டு நாள் கை பென்சிலைத் தேடியது. நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம், படிக்கட்டில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தவன் தனக்குத்தானே சிரித்தான். என்ன என்று கேட்டேன். கதையில் வரும் கிழவன் சொல்வது பொய் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டதாம். புத்தகத்தில் எங்கேயும் அப்படி எழுதியிருக்கவில்லை.

நீங்கள் ஆங்கிலம் வாசிக்கக் கற்ற விதத்தையும் எழுதுங்களேன். அடுத்த பதிவில் சந்திப்போம்.