ஸ்டென்சில் யார் கையில்?

கல்லூரி ஆண்டு மலர் எப்படி இருக்கும் என்று தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. முதலில் முதல்வர் படம். அடுத்து வாழ்த்துரைகள், மண்வெட்டியோடு நிற்கும் என்.எஸ்.எஸ். மாணவர்கள், ரத்ததான முகாம், விளையாட்டு விழாக் கோப்பைகள். இத்தனையும் தாண்டிப் போனால் கடைசியில் அம்மாவைப் பற்றி நாலு கவிதை. எங்காவது ஒரு மூலையில் 'மாணவ ஆசிரியர்' என்று ஒரு பெயர் இருக்கும். பெரும்பாலும் அந்தப் பிள்ளை எதையும் தேர்ந்தெடுத்திருக்காது. துறைத்தலைவர் கட்டிக் கொடுத்த கட்டை அச்சகத்தில் சேர்த்துவிட்டு வந்திருக்கும். நீலகிரியின் கட்டபெட்டிலிருந்து ஊட்டிக்கோ குன்னூருக்கோ பஸ் ஏறிப் போய்ப் படிக்கிறவருக்கும், பாளையங்கோட்டையில் படிக்கிறவருக்கும் கிடைப்பது ஏறக்குறைய ஒரே மலர்தான்.

மாணவர்கள் நிஜமாகவே ஆசிரியர்களாக இருந்த இதழ்களின் கதை வேறு. அதில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இலக்கியம் பற்றியதல்ல, காசு பற்றியது: தாளுக்கும் மைக்கும் யார் கொடுத்தார்கள்?

இந்தியாவில் இந்தக் கதையைக் கல்கத்தாவிலிருந்து தொடங்கலாம். பிரசிடென்சி கல்லூரியின் முதல்வர் எச்.ஆர். ஜேம்ஸ் ஊக்கம் கொடுக்க, 1914-இல் கல்லூரி இதழ் தொடங்கியது. அதன் முதல் ஆசிரியர் குழுவில் இருந்த மாணவர்களில் ஒருவர் சுபாஷ் சந்திர போஸ். 1916-இல் வரலாற்றுப் பேராசிரியர் ஓட்டன் தாக்கப்பட்ட விவகாரத்தில் போஸ் கல்லூரியை விட்டு வெளியேற்றப்பட்டார். அந்தக் கொந்தளிப்பில் ஜேம்ஸின் பதவியும் போயிற்று. இதழைத் தொடங்கி வைத்தவரும் போனார், நடத்திய மாணவரும் போனார். இதழ் மட்டும் நின்றது. கல்லூரிப் பணத்தில் வரும் இதழுக்கு இந்த ஆயுள்பலம் உண்டு. ஆள் மாறினாலும் தலைப்பு மாறாது.

அதே பணம் கழுத்தைப் பிடிப்பதும் உண்டு. அதற்கு உலகறிந்த உதாரணம் சிகாகோ.

சிகாகோ பல்கலைக்கழகத்து மாணவர்கள் 1946-இல் தொடங்கிய இலக்கிய இதழ் 'சிகாகோ ரிவ்யூ'. 1958-இல் அதன் ஆசிரியர் இர்விங் ரோசந்தால். கவிதைப் பகுதியைப் பார்த்துக்கொண்டவர் பால் கரோல். சான் பிரான்சிஸ்கோ பக்கம் எழுதிக்கொண்டிருந்த, பெரிய பதிப்பகங்கள் தொடத் தயங்கிய ஒரு கூட்டத்துக்கு இவர்கள் பக்கங்களைத் திறந்துவிட்டார்கள். வில்லியம் பரோஸ் எழுதிய 'நேக்கட் லஞ்ச்' நாவல் புத்தகமாக வருவதற்கு முன்பே அதன் பகுதிகள் இந்த மாணவர் இதழில் வந்தன. அக்டோபர் 25 அன்று 'சிகாகோ டெய்லி நியூஸ்' நாளிதழின் பத்தி எழுத்தாளர் ஜாக் மேப்லி, பல்கலைக்கழகத்தின் பெயரில் ஆபாசம் அச்சாகிறது என்று எழுதினார். இதழின் பெயரைக்கூட அவர் சொல்லவில்லை. சொல்லவும் தேவையிருக்கவில்லை.

பல்கலைக்கழகத் தலைவர் லாரன்ஸ் கிம்ப்டன் அப்போது நன்கொடை திரட்டும் கவலையில் இருந்தார். பரோஸும் ஜாக் கெரொவாக்கும் எட்வர்ட் டால்பெர்க்கும் வரவிருந்த குளிர்கால இதழ் வரக்கூடாது என்று முடிவாயிற்று. ஆசிரியர் குழுவில் ஏழு பேர். ஆறு பேர் விலகினார்கள். விலகும்போது அச்சுக்குப் போகவிருந்த படைப்புகளையும் கையோடு கொண்டுபோனார்கள். 1959 ஜனவரியில் கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க்கும் நண்பர்களும் சிகாகோவுக்கு வந்து கவிதை வாசித்துப் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். மார்ச்சில் அதே படைப்புகள் 'பிக் டேபிள்' என்ற புது இதழாக வந்தன. பெயர் கெரொவாக் கொடுத்தது. அஞ்சல் துறை நானூறுக்கு மேற்பட்ட பிரதிகளைப் பிடித்து வைத்துக்கொண்டது, வழக்கு நடந்தது, 1960-இல் நீதிபதி ஜூலியஸ் ஹாஃப்மன் இதில் ஆபாசம் இல்லை என்று தீர்ப்பளித்தார். பத்தாண்டு கழித்து வியட்நாம் போர் எதிர்ப்பாளர்கள் மீதான 'சிகாகோ ஏழுவர்' வழக்கில் கடுமை காட்டிப் பேர் கெட்டுப்போனவரும் இதே ஹாஃப்மன்தான்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் விலகிய ஆறு பேரைக் கொண்டாடுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். விலகாமல் இருந்த ஏழாமவர் ஹியுங் வூங் பாக். அவர்தான் அடுத்த ஆசிரியராகிப் பழைய இதழைத் தூக்கி நிறுத்தினார். 'பிக் டேபிள்' ஐந்து இதழோடு முடிந்தது. 'சிகாகோ ரிவ்யூ' இன்றும் வருகிறது. தங்கிவிட்டவரைக் கோழை என்று தள்ளிவிட முடியாது. அவர் இல்லாவிட்டால் அடுத்தடுத்து வந்த மாணவர்களுக்கு நடத்த இதழே இருந்திருக்காது.

நம் நாட்டில் இதற்கு நேர் எதிரான வழியைப் பிடித்தவர்கள் அலகாபாத் இளைஞர்கள். 1965-இல் அங்கே 'டேம் யூ' என்று ஓர் ஆங்கிலச் சிற்றிதழ் முளைத்தது. நடத்தியவர்கள் அரவிந்த் கிருஷ்ண மெஹ்ரோத்ரா, அலோக் ராய், அமித் ராய். மெஹ்ரோத்ராவுக்கு அப்போது பதினெட்டு வயது, அலகாபாத் பல்கலைக்கழகத்தில் மாணவர். நியூயார்க்கில் எட் சாண்டர்ஸ் என்ற கவிஞர் அச்சிலேற்றக் கூசும் ஒரு வசையையே தலைப்பாக வைத்து இதழ் நடத்துகிறார் என்று இவர்கள் கேள்விப்பட்டார்கள். அந்த அளவுக்குப் போகாமல் ஒரு படி இறக்கி, சபிப்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். அலகாபாத்துக்கு அதுவே அதிகம்.

அச்சகத்துக்குப் போகக் காசில்லை. கெஸ்டெட்னர் என்ற நகலெடுக்கும் யந்திரம் இருந்தது. ஹங்கேரியில் பிறந்து லண்டனில் தொழில் நடத்திய டேவிட் கெஸ்டெட்னரின் பெயரைத் தாங்கிய அந்த யந்திரம், கேள்வித்தாளுக்கும் யூனியன் நோட்டீசுக்கும் நம்மூர் அலுவலகங்களிலும் பல காலம் ஓடியது. தட்டச்சில் ரிப்பனை விலக்கிவிட்டு மெழுகுபூசிய ஸ்டென்சில் தாளில் அடிக்க வேண்டும். எழுத்தின் விளிம்பு தாளை வெட்டும். பலமாக அடித்துவிட்டால் ஆங்கில 'ஓ' எழுத்தின் நடு வட்டம் பிய்ந்து விழுந்து, அச்சில் கறுப்புப் பொட்டாக நிற்கும். பிழை வந்தால் நகப்பூச்சு மாதிரி ஒரு திரவத்தைத் தடவிக் காயவைத்து, அதன் மேல் மறுபடி அடிக்க வேண்டும். பிறகு ஸ்டென்சிலை உருளையில் மாட்டி, மை ஏற்றி, கைப்பிடியைச் சுற்றினால் தாள் தாளாக வெளியே வரும். கடைசியில் அடுக்கி, ஸ்டேப்ளர் அடித்தால் இதழ். இதில் எந்தக் கட்டத்திலும் முதல்வரோ பேராசிரியரோ போலீஸோ உள்ளே வர வழியில்லை. சைக்ளோஸ்டைல் என்கிற இந்த முறையின் பெரிய லாபம் அதன் மலிவைவிட இதுதான்.

அந்தக் காலத்தில் இது சின்ன விஷயமுமல்ல. கல்கத்தாவில் 'ஹங்ரி' தலைமுறைக் கவிஞர்கள் துண்டறிக்கைகளாகவே தங்கள் எழுத்தை வெளியிட்டார்கள். அவர்களில் மலய் ராய் சௌத்ரி ஒரு கவிதைக்காக 1964-இல் கைதானார். 1965 கடைசியில் கீழ்நீதிமன்றம் இருநூறு ரூபாய் அபராதம் விதித்தது. 1967-இல் உயர்நீதிமன்றம் விடுவித்தது. அலகாபாத் இளைஞர்கள் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்த அதே ஆண்டுகள் இவை.

அலோக் ராய் யார் வீட்டுப் பிள்ளை என்பதையும் சொல்லவேண்டும். இந்தி எழுத்தாளர் பிரேம்சந்தின் பேரன். பிரேம்சந்த் 1930-இல் 'ஹன்ஸ்' இதழைத் தொடங்கினார். இதழும் அச்சகமும் அவரைக் கடனில் இறக்கின. அந்தக் கடனை அடைக்க 1934-இல் பம்பாய்க்குப் போய்ச் சினிமாவுக்குக் கதை எழுதிப் பார்த்தார், ஒத்துவரவில்லை, திரும்பிவிட்டார். சொந்த அச்சகம் வைத்துத் தாத்தா பட்ட பாட்டை அறிந்த குடும்பத்தில் பேரன் ஸ்டென்சிலோடு நின்றதைக் கெட்டிக்காரத்தனம் என்றே சொல்லலாம்.

'டேம் யூ' 1968 வரை ஆறு இதழ்கள் வந்தது. அவ்வளவுதான். இடையே மெஹ்ரோத்ரா எம்.ஏ. படிக்க பம்பாய்க்குப் போனார், 'எஸ்ரா' என்று இன்னொரு சிற்றிதழும் நடத்தினார். 1976-இல் அருண் கொலட்கர், அடில் ஜுஸ்ஸாவாலா, கீவ் பட்டேல் ஆகியோரோடு சேர்ந்து 'கிளியரிங் ஹவுஸ்' என்ற கவிஞர்களின் சொந்தப் பதிப்பகத்தைத் தொடங்கினார். நம் அகநானூறு, குறுந்தொகைக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கப்படும் பிராகிருதக் காதல் கவிதைத் தொகையான 'காதா சப்தசதி'யிலிருந்து 1991-இல் அவர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு தமிழ் வாசகர் தேடிப் படிக்கவேண்டிய ஒன்று. பதினெட்டு வயதில் எதைப் போடுவது, எதைத் தள்ளுவது என்று ஸ்டென்சில் முன் உட்கார்ந்து முடிவெடுத்த பழக்கம் பின்னாளில் அவர் தொகுத்த நூல்களில் தெரிகிறது.

தமிழில் இதன் மூத்த வடிவம் கையெழுத்துப் பத்திரிகை. ஒரே ஒரு பிரதி. நல்ல கையெழுத்துக்காரன் ஒருவன், படம் வரைகிறவன் ஒருவன், நூல் கோத்துத் தைக்க ஒருவன். பின்னால் வெற்றுத்தாள் விட்டிருப்பார்கள், படித்தவர்கள் அபிப்பிராயம் எழுத. ஆசிரியருக்கு முகத்துக்கு நேரே வசவும் அதில் கிடைக்கும். திருவாரூரில் பள்ளி மாணவராக இருந்தபோது மு. கருணாநிதி நடத்திய 'மாணவ நேசன்' இப்படிப்பட்டதுதான்; 'முரசொலி' அதற்குப் பிறகு வந்தது. அரசியலில் கணக்குப் பார்த்தால் இந்தியாவின் எந்தக் கல்லூரி இதழும் அந்தக் கையெழுத்துப் பத்திரிகைக்கு ஈடாகாது.

இலங்கையில் நடந்தது நிறுவன இதழுக்கும் மாணவர்களின் சொந்த இதழுக்கும் நடுவே. இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கம் 1940-களின் கடைசியில் 'இளங்கதிர்' என்ற ஆண்டிதழைத் தொடங்கியது. 1952-இல் பல்கலைக்கழகம் கொழும்பிலிருந்து பேராதனைக்கு நகர, இதழும் மலையேறியது. ஆசிரியர் பொறுப்பு மாணவர்களிடம் கைமாறிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை இருந்தார். யாழ்ப்பாணத்துப் பேச்சுத்தமிழில் நாடகம் எழுதி, அதே தமிழ்ச் சங்க மாணவர்களை வைத்து மேடையேற்றியவர். அப்படிப்பட்ட ஒருவர் கூட இருந்தால் நிறுவன இதழும் மூச்சு விடும். அந்தத் தமிழ்த்துறையில் படித்து வெளியேறிய க. கைலாசபதி 1959-இல், இருபத்தாறு வயதில், 'தினகரன்' நாளிதழின் ஆசிரியரானார்.

பல்கலைக்கழகக் குடையே இல்லாமல் நின்றது 'புதுசு'. தெல்லிப்பளை மகாஜனாக் கல்லூரியில் படித்த நா. சபேசன், இளவாலை விஜயேந்திரன், பாலசூரியன், அ. ரவி ஆகியோர் 1980-இல் அதைத் தொடங்கினார்கள். மறு ஆண்டு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தது. 1983-இல் ஜூலைக் கலவரம். அதற்குப் பிறகும் 1987 வரை இதழ் வந்தது. ஈழத்துக் கவிதையின் எண்பதுகளைப் பேசுகிற யாரும் 'புதுசு'வைத் தாண்டிப் போக முடியாது.

இவற்றில் பலவற்றை இன்று தேடினால் கிடைப்பது, யாரோ ஒருவர் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால். ஈழத்து இதழ்களை 2005 முதல் 'நூலகம்' திட்டம் மின்வடிவில் சேர்த்து வைக்கிறது. தமிழ்நாட்டில் கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த தொகுப்பை, அவர் மறைவுக்குப் பிறகு விலைகொடுத்து வாங்கி, 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக அமையத் துணைநின்றது சிகாகோ பல்கலைக்கழகம். மாணவர் இதழை நிறுத்திய அதே பல்கலைக்கழகம்தான்.

நீலகிரிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 1955-இல் ஊட்டி அரசு கலைக் கல்லூரி வந்த நாளிலிருந்து படுகர் வீடுகளிலும் எஸ்டேட் லயன்களிலும் பட்டதாரிகள் உண்டு. 1964-இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து வந்து அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்கள் கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கமெல்லாம் இருக்கின்றன. பரணில் பழைய கல்லூரி மலரோ, விடுதிக் கையெழுத்துப் பத்திரிகையோ, கப்பலேறி வந்த 'இளங்கதிர்' இதழோ இருந்தால் பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போடாதீர்கள். மலை ஈரத்தில் பூஞ்சை பிடிப்பதற்குள் ஒரு நூலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். இதழைக் கொடுக்க மனமில்லை என்றால் ஸ்கேன் செய்துகொள்ளவாவது விடுங்கள்.