நூல் தாங்கிய இரும்பு

நூல்கள் நிறைந்த அலமாரியில் நூலுக்கு நூலே துணை. ஒன்றையொன்று தாங்கி அவை நிமிர்ந்து நிற்கும். மேசையின்மீது பத்து நூல்களை மட்டும் வைத்திருக்கும் எளிய இல்லத்தில்தான் அவை சாய்கின்றன. அவ்வாறு சாயும் சில நூல்களை இருபுறமும் நின்று நிறுத்தும் இணைப்பொருளே புத்தகத் தாங்கி. மனிதர், விலங்கு, கப்பல் எனப் பல உருவங்களில் அமெரிக்க நாட்டில் வார்ப்பிரும்பால் செய்யப்பட்ட பழைய தாங்கிகளை இன்று பலர் தேடிச் சேகரிக்கின்றனர். இதனைப் பொழுதுபோக்கு என்று மட்டும் கருதி ஒதுக்கிவிடலாகாது. செல்வர் மாளிகையில் இருந்த நூல், உழைப்பாளர் வீட்டுக் கூடத்திற்கு வந்து சேர்ந்த வரலாற்றின் சான்றுகளாக அத்தாங்கிகள் விளங்குகின்றன.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் பொது நூலகங்கள் பெருகின. நூல்களின் எடையையே பயன்படுத்தி நிற்கும் தகட்டுத் தாங்கிக்கு 1877இல் காப்புரிமை வழங்கப்பட்டது. அது நூலகத்திற்கு ஏற்ற கருவி. அழகு அதன் நோக்கமன்று. பின்னர் எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னெகியின் நன்கொடையால் அந்நாட்டில் 1,600க்கும் மேற்பட்ட நூலகக் கட்டடங்கள் எழுந்தன. நூலகத்தில் இரவல் பெற்றுப் படித்தவர்க்குச் சொந்தமாகச் சில நூல்கள் வேண்டும் என்னும் ஆவல் பிறந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவராயிருந்த சார்லஸ் எலியட், ஐந்தடி நீளத் தட்டில் அடங்கும் நூல்களே ஒருவருக்கு நல்ல கல்வியை அளிக்கப் போதுமானவை என்னும் கருத்தை முன்வைத்தார். அதன்வழி 1909இல் ஒரு பெருந்தொகுப்பு வெளிவரத் தொடங்கியது. 1917இல் ‘மாடர்ன் லைப்ரரி’ என்னும் மலிவுப் பதிப்பு வரிசை தோன்றியது. கான்சாஸ் மாநிலத்தின் ஜிரார்டு என்னும் சிற்றூரிலிருந்து 1919 முதல் வெளிவந்த சிறு நூல்கள், பின்னர் ஒன்று 5 சென்ட் விலைக்கே விற்கப்பட்டன. 1926இல் மாதந்தோறும் அஞ்சல்வழி நூல் அனுப்பும் மன்றமும் தொடங்கியது. இவ்வாறு நூல் வந்தது. ஆனால் பல வீடுகளில் அலமாரி வரவில்லை. அந்த இடைவெளியை நிரப்பியது இரும்பு.

பென்சில்வேனியா மாநிலத்து லங்காஸ்டர் நகரில் 1894இல் தொடங்கப்பெற்ற ஹப்ளி நிறுவனம் இரும்புப் பொம்மைகளுக்குப் பெயர் பெற்றது. கனெக்டிகட் மாநிலத்து மெரிடன் நகரில் இருந்த பிராட்லி அண்டு ஹப்பர்டு நிறுவனமோ விளக்குகளுக்குப் புகழ் பெற்றது. இத்தகைய வார்ப்பாலைகளே புத்தகத் தாங்கிகளையும் செய்தன. வார்ப்பிரும்பு ஏறத்தாழ 1,200 பாகை செல்சியசில் உருகிவிடும். தூய இரும்பு உருக 1,538 பாகை வேண்டும். எளிதில் உருகி, அச்சின் நுண்ணிய மடிப்புகளிலும் பாயும் இயல்பே இதனைச் சிற்ப வேலைக்கு உகந்ததாக்கிற்று. ஈர மணலை இரு பாதிகளாலான பெட்டியில் இறுக அடைத்து, அதில் மூலவடிவத்தைப் பதித்து எடுப்பர். எஞ்சும் குழிவில் உருகிய இரும்பை ஊற்றுவர். ஆறியபின் மணலை உடைத்துப் பொருளை எடுத்து, விளிம்பை அராவி, வண்ணமோ வெண்கலப் பூச்சோ இடுவர். மணலச்சு ஒவ்வொரு முறையும் அழியும், மூலவடிவம் நிலைத்திருக்கும். ஆகவே ஒரு சிற்பியின் ஆக்கம் ஆயிரம் வீடுகளுக்குச் செல்ல முடிந்தது.

அவ்வீடுகள் எவற்றைப் போற்றின என்பதை உருவங்களே கூறும். பிரெஞ்சுச் சிற்பி ரோதானின் ‘சிந்தனையாளர்’ சிலை, படிக்கும் மேசைக்கு ஏற்ற உருவமாயிற்று. 1922இல் வாஷிங்டனில் லிங்கன் நினைவகம் திறக்கப்பட்டது. அங்கு அமர்ந்திருக்கும் லிங்கனின் உருவம் தாங்கிகளிலும் அமர்ந்தது. அதே ஆண்டு எகிப்தில் துட்டன்காமுன் கல்லறை கண்டறியப்பட்டதும், எகிப்திய உருவங்கள் நாகரிகமாயின. 1927இல் லிண்ட்பெர்க் நியூயார்க்கிலிருந்து பாரிசுக்குத் தனியே பறந்து சென்றபின், விமானியின் முகமும் நூல்களுக்குக் காவல் நின்றது.

அவற்றுள் ஓர் உருவம் நெஞ்சைத் தொடுவது. சோர்ந்த குதிரைமேல், ஈட்டி தாழ்ந்து, தலை கவிழ்ந்து அமர்ந்திருக்கும் அமெரிக்கப் பழங்குடி வீரனின் உருவம் அது. ஜேம்ஸ் ஏர்ல் பிரேசர் வடித்த ‘பாதையின் முடிவு’ என்னும் அச்சிலை, 1915இல் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் நின்றது. நிலம் பறிக்கப்பட்ட மக்களின் துயரை அது காட்டிற்று. அத்துயரமே பின்னர் மேசை அலங்காரமாக விற்பனைக்கு வந்தது. வாங்கியவருள் பலர் அந்நிலத்தில் குடியேறியோரின் வழியினர். பரிவும் மறதியும் ஒரே பொருளில் கூடியிருப்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

1942இல் போர்க்கால ஆணையால் இரும்புப் பொம்மைத் தொழில் நின்றது. வார்ப்பாலைகள் படைக்கருவி வேலைக்குத் திரும்பின. பழைய இரும்பும் போருக்கெனத் திரட்டப்பட்டது. போருக்குப்பின் துத்தநாகக் கலவையும் பிளாஸ்டிக்கும் இரும்பின் இடத்தைப் பற்றிக்கொண்டன. எஞ்சியவை அரியவையாகி விலை ஏறவே, போலிகளும் பெருகின.

உண்மையை அறியச் சேகரிப்பாளர் கையாளும் வழிகள் வரலாற்று மாணவர்க்கும் பயன்படுவன. உருகிய இரும்பு ஆறும்போது நீளத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கும். எனவே பழைய தாங்கியையே மூலவடிவமாகக் கொண்டு வார்க்கப்பட்ட போலி, அளவில் சற்றுச் சிறுத்திருக்கும். முகத்தின் நுட்பமும் மழுங்கியிருக்கும். பழைய வார்ப்பின் மேற்பரப்பு வழவழப்பானது, புதியது சொரசொரப்பாயிருக்கும். பழந்துரு கரும்பழுப்பு, புதுத்துரு செம்மஞ்சள். வண்ணம் தேய்ந்திருப்பின், கைபடும் இடங்களில்தான் தேய்ந்திருத்தல் வேண்டும். கைபடாத மடிப்பில் தேய்ந்திருப்பின் ஐயம் கொள்ளல் வேண்டும். பழம்பொருளைப் புதுவண்ணம் பூசிப் பொலிவாக்குவோர் அதன் மதிப்பை மட்டுமன்று, அதன் சான்றையும் அழிக்கின்றனர். இணையில் ஒன்று பிரிந்தாலும் பொருள் குறைவுபடுகிறது.

மன்னர் ஆணைகளைக் கல்வெட்டுகள் காத்தன. எளிய மக்கள் கல்வெட்டு வெட்டுவதில்லை. அவர்கள் புழங்கிய பொருள்களே அவர்தம் கல்வெட்டு. சிறுசேமிப்பில் நூல் வாங்கி, அது சாயாதிருக்கவும் பொருள் செலவிட்ட ஒரு தலைமுறையின் கல்வி வேட்கை அந்த இரும்பில் உறைந்துள்ளது. தேய்ந்த வண்ணத்தை அழுக்கென எண்ணாது எழுத்தெனக் கருதிப் படிக்கும் பழக்கத்தை மாணவர் பெறுவாராயின், வீட்டு மூலையில் கிடக்கும் எளிய பொருளும் அவர்களுக்கு வரலாறு கற்பிக்கும்.